சவேரியார் கடந்த அச்சக் கடல்

மலாக்கா நகரின் நடுவே, கடலை நோக்கி நிற்கும் சிறு குன்று ஒன்று உண்டு. அதன் உச்சியில் கூரையிழந்த பழைய தேவாலயம் ஒன்று, வெறும் சுவர்களாக இன்றும் நின்று கொண்டிருக்கின்றது. அதன் உட்புறத் தரையில் ஒரு வெறுங்குழி. குழியின் மேல் ஒரு கம்பிக்கூடு. வெளியே வலக்கை இழந்த வெண்ணிறச் சிலை ஒன்று கடற்பக்கம் பார்த்தபடி நிற்கின்றது. ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலாவில் வரும் மாணவர் அந்தக் குழியை எட்டிப் பார்ப்பர். உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டு, அடுத்த இடம் நோக்கி ஓடுவர்.

அந்த வெறுங்குழியில், 1553ஆம் ஆண்டில் சில திங்கள் வைக்கப்பட்டிருந்தது புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல். அவர் மலாக்காவுக்கு வந்த வரலாற்றை அறிந்தவர் பலர். ஆனால் அவர் தமிழகக் கடற்கரையிலிருந்து இங்கு வந்தவர் என்பதும், மலாய் மொழியில் செபம் சொல்லிக் கொடுக்கும் முன்னரே தமிழில் சொல்லிக் கொடுத்தவர் என்பதும், மலாக்காத் தமிழருள்ளும் சிலரே நினைவில் கொண்டுள்ள செய்திகளாம். அச்சமும் துன்பமும் சூழ்ந்த வேளையில் இறைவனை நம்புதல் என்றால் என்ன என்பதற்கு அவர் வாழ்வு ஒரு விடை தருகின்றது. அந்த விடையின் முதற்பாடம் தமிழ் மீனவரிடையே எழுதப்பட்டது. அதன் கடுந்தேர்வு மலாக்காவில் நடந்தது.

முத்துக்குளித்துறையில்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியாகிய நவாராவில், 1506ஆம் ஆண்டு, உயர்குடியொன்றில் பிறந்தவர் சவேரியார். பாரிசு மாநகரில் கல்வி கற்றபோது இஞ்ஞாசியாரின் நட்பைப் பெற்று, இயேசு சபையைத் தொடங்கியோருள் ஒருவரானார். 1541இல் லிஸ்பனை விட்டுக் கப்பலேறி, 1542ஆம் ஆண்டு மே திங்களில் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்துவிட்டார்.

அங்கு வாழ்ந்த பரதவர், 1536ஆம் ஆண்டையொட்டி, முத்துக்குளிக்கும் உரிமை குறித்து எழுந்த பூசலில் போர்த்துக்கீசியரின் காவலை நாடிக் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். பெயரளவில் கிறிஸ்தவரான அவர்களுக்கு அந்நெறியைக் கற்பிக்க ஆள் இல்லை. கற்பிக்க வந்தவருக்கோ தமிழ் தெரியாது. இலக்கண நூலோ, அகராதியோ அவர் கையில் இல்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைத் துணையாக அமர்த்தி, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை ஒரு சிறுவனைப் போல மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். நோயுற்றோர் இல்லங்களுக்குச் சென்று செபிக்கவும் வேண்டும். மாணவனை ஆசிரியனாக்கும் அந்த முறையே அவருடைய பணிக்கு அடித்தளமாயிற்று. மொழி அறியாமையை மறைக்க முயலாமல், அறிந்த சிறிதளவைக் கொண்டு நாள்தோறும் கடமையைத் தொடங்கியவர் அவர்.

1544ஆம் ஆண்டு சூன் திங்களில், வடுகப் படையினர் கடற்கரை ஊர்களின் மீது பாய்ந்தனர். கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் வீடுவாசல்களை விட்டோடிக் கடலிடைப் பாறைகளில் ஒதுங்கினர். உண்ண உணவின்றி, குடிக்க நீரின்றி அங்கே வாடினர். செய்தி கேட்ட சவேரியார், மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். காற்று எதிர்த்து வீசியது. துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முன்னேறவில்லை. மணப்பாட்டுக்கே திரும்ப நேர்ந்தது. காற்று தணியுமட்டும் காத்திருந்து மீண்டும் முயல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். கடலை அடக்கியவராக, காற்றை நிறுத்தியவராகப் பிற்காலக் கதைகள் அவரைப் பாடும். அவர் எழுதிய கடிதமோ, எதிர்க்காற்றில் தோற்றுத் திரும்பிய மனிதரையே காட்டுகின்றது. அதே ஆண்டில், போர்த்துக்கீசிய அதிகாரிகள் ஏழை மக்களுக்கு இழைத்த கொடுமைகளைக் கண்டு, வாழ்வே சலித்துவிட்டது என்னும் பொருள்படத் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதினார். துன்பம் அவரைத் தீண்டாமல் போகவில்லை. தீண்டிய பின்னும் அடுத்த ஊருக்கு நடந்தார் என்பதே வரலாறு.

மயிலாப்பூரில் பிறந்த முடிவு

1544ஆம் ஆண்டின் இறுதியில் மற்றோர் இடி விழுந்தது. சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார்த் தீவின் மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்களை நினைந்து வருந்திய சவேரியார், போர்த்துக்கீசியரின் உதவியை நாடினார். நாகப்பட்டினத்தில் படை திரட்டும் ஏற்பாடும் தொடங்கிற்று. அவ்வேளையில், பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கியது. சரக்கு மன்னன் கையில் சிக்கவே, வணிகரின் இலாபம் முன்னே நின்றது. படையெடுப்புப் பின்னே போயிற்று. மாண்டவர்களுக்காகப் பேச எவரும் இல்லை.

நம்பிய துணை கைவிட்ட அந்நிலையில், 1545ஆம் ஆண்டு அவர் மயிலாப்பூருக்குச் சென்றார். தோமையாரின் கல்லறை இருந்த கோயிலில் ஏறத்தாழ நான்கு திங்கள் தங்கி, இனி எங்குச் செல்வது என்று செபத்தில் ஆழ்ந்தார். கிழக்கே மக்காசார் தீவில் கிறிஸ்தவ நெறியை நாடுவோர் இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அங்குச் செல்ல மலாக்காவே வாயில். மலாக்காவுக்குச் செல்வதென முடிவு செய்து, மே திங்களில் கோவாவிலிருந்த தம் சபையினருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிடில் வேற்றுச் சமயத்தார் கப்பலில் ஏறுவதாகவும், அக்கரைக்கு ஒரு கட்டுமரம் மட்டுமே செல்வதாயினும், இறைவனை நம்பி அதிலேயே செல்வதாகவும் அதில் குறித்தார்.

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லையே அவர் அக்கடிதத்தில் எழுதினார். நான்கு மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து, அலையின் மீது நம்பிக்கையோடு செல்லும் மீனவரை இரண்டாண்டுகளுக்கு மேல் கண்டவர் அவர். கட்டுமரம் கவிழும், கவிழ்ந்தாலும் மூழ்காது. மீனவன் அதைப் புரட்டி நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்வான். இறைநம்பிக்கைக்கு ஓர் உவமை தேடியபோது, பாரிசில் கற்ற தத்துவ நூல்களை விட்டுத் தமிழ் மீனவனின் கலத்தை அவர் நாடினார்.

மலாக்கா மண்ணில்

அவர் மலாக்காவில் இறங்கியது 1545ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில். போர்த்துக்கீசியர் 1511இல் சுல்தானிடமிருந்து அந்நகரைப் பிடித்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாகத் தொமே பிரெஸ் என்பவர் எழுதிவைத்துள்ளார். அவற்றுள் தமிழும் உண்டு. சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து செல்வாக்குடன் வாழ்ந்த வணிகர்கள் அங்கிருந்தனர். ஆதலின், வங்கக் கடலைக் கடந்து வந்த சவேரியாரின் செவியில் மலாக்கா அங்காடியிலும் தமிழ் ஒலித்திருக்கும்.

இங்கும் அவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. தமிழில் செய்ததைப் போலவே, செபங்களை மலாய் மொழியில் பெயர்க்க முற்பட்டார். மொழி அறியாமல் மொழிபெயர்ப்பது எத்துணைக் கடினம் என்பதை அவ்வாண்டு நவம்பரில் மலாக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டார். நோயாளிகளைப் பேணுதல், சிறுவருக்குக் கற்பித்தல் ஆகியவற்றில் அவர் நாள்கள் கழிந்தன.

மக்காசார்ப் பயணம் கைகூடவில்லை. 1546ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்போனுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து மோரோத் தீவுகளுக்குச் செல்ல எண்ணியபோது, நஞ்சூட்டிக் கொல்வர் என்று நண்பர் தடுத்தனர். மாற்று மருந்துகளையாவது எடுத்துச் செல்லுமாறு கண்ணீருடன் வேண்டினர். அவர் அன்புக்கு நன்றி கூறி, மருந்துகளை ஏற்காமலே சென்றார். மாற்று மருந்தைச் சுமப்பவன் அச்சத்தையும் உடன் சுமக்கின்றான் என்பது அவர் கருத்து.

வரலாறு எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் தகாது. அதே 1546ஆம் ஆண்டு, கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைக்குமாறு போர்த்துக்கல் மன்னருக்கு எழுதியவரும் சவேரியாரே. அவர் மறைந்த பின், 1560இல் அம்மன்றம் வந்தது. பலருக்குத் துன்பம் விளைவித்தது. தம் காலத்தின் குறைகளினின்றும் அவர் முற்றிலும் விடுபட்டவரல்லர். அவரது வீரத்தைப் போற்றுவோர் இதையும் உடன்வைத்தே அவரை மதிப்பிடுதல் வேண்டும்.

அச்சமும் அலையும்

1547ஆம் ஆண்டு சூலையில் மலாக்காவுக்குத் திரும்பினார். அவ்வாண்டு அக்டோபரில் அச்சே நாட்டின் கடற்படை இரவில் வந்து தாக்கியது; துறைமுகத்துக் கப்பல்கள் தீக்கிரையாயின. துரத்திச் சென்ற போர்த்துக்கீசியச் சிறுபடையைப் பற்றிப் பல வாரங்கள் செய்தியே இல்லை. கணவரை, மைந்தரை அனுப்பிய பெண்கள் அழுது நின்றனர். அஞ்சிய மக்களைச் செபத்தில் கூட்டித் தேற்றுவதே சவேரியாரின் பணியாயிற்று. பின்னர், பெர்லிஸ் ஆற்றருகே தம் படை வென்றது என்னும் செய்தி வந்தது. அதனை அவர் முன்னரே அறிந்து சொன்னார் என்று பிற்காலத்தார் கூறுவர். அதனினும் பெரிது, செய்தி வாராத நாள்களில் அவர் அம்மக்களோடு இருந்தமையே.

டிசம்பரில் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில், இலங்கைப் பக்கத்துக் கடலில், மூன்று பகலும் மூன்று இரவும் கொடும் புயல் அடித்தது. உடன் வந்தோர் உயிரோடிருக்கும்போதே மரண சாசனம் எழுதலாயினர். 1548ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் இப்புயலை விவரிக்கின்றார். துன்பத்தினின்றும் தம்மை விடுவிக்கும்படி மட்டும் அவர் வேண்டவில்லை. விடுவித்தால், இறைபணிக்காக இதற்கு ஒத்த அல்லது இதனினும் பெரிய இடர்களில் தம்மைச் செலுத்தவே விடுவிக்குமாறு வேண்டினார்.

அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடைமை என்பது வள்ளுவர் காட்டிய நெறி. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட போதும் கலங்காத அப்பரடிகளின் வரலாறும் தமிழர் அறிந்ததே. சமயங்கள் வேறாயினும், எதற்கு அஞ்சுவது என்பதைத் தெரிந்துகொண்டவரின் உள்ளம் ஒன்றாகவே காணப்படுகின்றது.

சொந்தவர் தந்த துயர்

1548இல் சவேரியார் அனுப்பிய பிரான்சிஸ்கோ பெரஸ் என்னும் குரு மலாக்காவுக்கு வந்தார். குன்றின்மீதிருந்த அன்னை மரியாளின் கோயிலை ஒட்டி இயேசு சபையின் பணி வேரூன்றியது, பள்ளியும் தோன்றிற்று. அக்கோயில், துவார்த்தே கொயெல்யோ என்னும் கப்பல் தலைவர் 1521இல் எழுப்பியது. மலாக்காவில் சந்தித்த அஞ்சிரோ என்னும் ஜப்பானியரின் வாயிலாக அந்நாட்டைப் பற்றி அறிந்த சவேரியார், 1549ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கிருந்தே ஜப்பானுக்குப் புறப்பட்டார். அப்போது மலாக்காவின் தளபதி, வாஸ்கோ ட காமாவின் மகன் பெதுரோ ட சில்வா. அவர் சவேரியாரை அன்புடன் பேணி, பயணச் செலவுக்கு மிளகும் தந்து அனுப்பினார்.

1552இல் சவேரியார் சீன நாட்டுக்குச் செல்லும் நோக்குடன் மீண்டும் மலாக்காவுக்கு வந்தார். நகரில் அவ்வேளை கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயாளிகளின் பணியில் அவர் இறங்கினார். இம்முறை அதிகாரத்தில் இருந்தவர் அதே வாஸ்கோ ட காமாவின் மற்றொரு மகன், அல்வாரோ ட அத்தாயிதே. தியோகோ பெரைரா என்னும் வணிகரைச் சீன மன்னரிடம் தூதராக அனுப்பி, அவருடன் செல்வதே சவேரியாரின் திட்டம். தளபதி அதை மறித்தார். கப்பலின் சுக்கானையே கழற்றி எடுக்கச் செய்தார். ஆளுநரின் ஆணையும், சவேரியாரின் வேண்டுதலும் பயனற்றுப் போயின. நகரத்தில் அவர்மீது வசைமொழிகள் வீசப்பட்டன.

வடுகர் படையையும், நஞ்சையும், புயலையும் கண்டவர், தம் சமயத்தவராலேயே மலாக்காவில் மனமுடைந்தார். ஒரே தந்தையின் மக்களுள் ஒருவர் வழியனுப்பினார், மற்றவர் வழிமறித்தார். தூதர் இன்றி, துணை இன்றி, சூலைத் திங்களில் அவர் மலாக்காவை விட்டு நீங்கினார்.

சீனக் கரையருகே சான்சியன் என்னும் தீவில் அவர் காத்திருந்தார். அயலார் நுழைதல் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்டுக்குள், மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு தம்மைக் கரைசேர்க்க ஒரு சீன வணிகர் இசைந்திருந்தார். அக்டோபரில் மலாக்காவிலிருந்த பெரசுக்கு எழுதிய கடிதத்தில் எதிர்நிற்கும் இடர்களை அவர் எண்ணிப் பார்க்கின்றார். வணிகர் பணத்தைப் பெற்றுக்கொண்டு தம்மைக் கடலில் தள்ளிவிடலாம். கரைசேர்ந்தாலும் அதிகாரிகள் சிறையிலிட்டு வதைக்கலாம். ஆயினும் இவை எல்லாவற்றினும் பெரிய இடர், இறைவனின் இரக்கத்தில் நம்பிக்கை இழப்பதே என்று அவர் முடிக்கின்றார். வரக்கூடிய துன்பங்களைக் கணக்கிட்டுப் பார்த்த பின் கொண்ட நம்பிக்கை அது.

வணிகர் வரவே இல்லை. நவம்பரில் காய்ச்சல் கண்டது. 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஓலைக் குடிசையொன்றில், அந்தோனி என்னும் சீனத் துணைவர் அருகிருக்க, நாற்பத்தாறு வயதில் அவர் உயிர் நீத்தார். நினைத்த நாட்டின் மண்ணை மிதிக்காமலே அவர் பயணம் முடிந்தது.

1553ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. தளபதி மதிக்கவில்லை, மக்கள் மதித்தனர். ஊர்வலமாக எடுத்துச் சென்று குன்றின்மேல் கோயிலில் புதைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் அது கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. குழி மட்டும் எஞ்சியது. 1622இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அக்கோயிலைத் தம் வழிபாட்டுக்குப் பயன்படுத்தினர். 1753இல் தம் புதுக்கோயில் எழுந்தபின் அதைக் கைவிட்டனர்.

தோட்டங்கள் வரை

மூன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். தொடர்ந்து அசகான், சாசின், மெர்லிமாவ், அலோர்காசா ஆகிய பகுதிகளில் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பாடுபட, சவேரியார் கடந்த அதே வங்கக் கடலைக் கடந்து தமிழர் வந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் பலர். அவர்களுக்கும் முன்னே இருந்தது அறியாத நாடு. பின்னே இருந்தது வறுமை.

அவர்களுள் கிறிஸ்தவராக வந்தோர் சிலரின் பெயர்களை நோக்கினால் வரலாறு தானே பேசும். சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் என்னும் பெயர்கள் தோட்டத்துப் பெயர்ப்பதிவேடுகளில் இடம் பெற்றன. சவேரியார் என்னும் சொல்லைத் தமிழ் நாவு தனக்கேற்பச் சவரியாக்கிக் கொண்டது. கோட்டாற்றுச் சவேரியாரின் திருவிழாவை நினைந்து வாழ்ந்தோர், அவர் நடந்த மற்றொரு மண்ணுக்கே வந்து சேர்ந்தனர். குருவானவர் எப்போதோ வந்து போன தோட்டங்களில், உபதேசியார் முன்னின்று செபமாலை சொல்ல, பிள்ளைகள் கேட்டு மனப்பாடம் செய்தனர். முத்துக்குளித்துறையில் மணியடித்துத் தொடங்கிய முறை, ரப்பர் மரங்களின் நிழலிலும் தொடர்ந்தது. மலாக்கா நகரில், 1849இல் பிரெஞ்சுக் குரு ஒருவரால் எழுப்பப்பட்ட சவேரியார் ஆலயம் அவர்களுக்கும் உரியதாயிற்று.

ஜப்பானியர் ஆட்சியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீண்டவர் சிலர், மீளாதவர் பலர். அந்நாள்களில் இந்துவாயினும், கிறிஸ்தவராயினும், கோயில் வாயிலில் நின்று வேண்டிய தாய்மாரின் வேண்டுதல்கள் எல்லாம் கேட்டபடி நிறைவேறவில்லை. ஆயினும் மறுநாள் விடியுமுன் எழுந்து அவர்கள் பால் வெட்டச் சென்றனர்; பிள்ளைகளை வளர்த்தனர். சான்சியன் தீவில் காத்திருந்தவரின் நம்பிக்கைக்கும் அத்தாய்மாரின் நம்பிக்கைக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

1952இல், நானூறாம் ஆண்டு நினைவாகக் குன்றின்மேல் சிலை நிறுவப்பட்டது. சிறிது காலத்தில் மரம் ஒன்று விழுந்து அதன் வலக்கை முறிந்தது என்பர். சவேரியாரின் வலக்கையும் 1614இல் உடலினின்று பிரிக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது என்பதை இணைத்து வியப்போர் உண்டு. வியப்புக்குரியது வேறொன்று. மக்காசார் செல்ல எண்ணினார், சென்றிலர். மன்னார் மக்களைக் காக்க முயன்றார், இயன்றிலது. சீனம் புக நினைத்தார், புகுந்திலர். அவர் வாழ்வின் பெருமுயற்சிகள் பல, குன்றின்மேல் உள்ள குழியைப் போல வெறுமையாகவே காட்சி தரும். எனினும், தமிழ்ச் சிறுவருக்குக் கையில் மணியுடன் கற்பித்த சிறு செயல், நாலரை நூற்றாண்டு கடந்தும் ஒரு மக்களின் பெயரில் வாழ்கின்றது.

குன்றேறி வரும் மாணவர் அந்தக் குழியருகே சற்று நேரம் நிற்கட்டும். கட்டுமரத்திலாயினும் கடல் கடக்கத் துணிந்த ஒருவரின் பயணத்தில் இந்நகரும் ஒரு துறை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.